ஏட்டையா கணக்கு

பெயர் எத்தியென்.
லோடு இறக்கும் சோணையின் காதில் அது
ஏட்டையா என்று விழுந்தது.
பேரேட்டிலும் அப்படியே ஏறிவிட்டது:
ஏட்டையா, செல்லூர், மாடி ரூம்.

தெற்கு மாரட் வீதி ஹார்டுவேர்ஸில்
நான் கணக்கு.
படம் பார்க்கத் தெரியாது எனக்கு.
பில் பார்க்கத் தெரியும்.

வந்த வருடம் எல்லாம் சின்னச் சின்ன டப்பா.
கிளிப்பச்சை, மயில்நீலம், ரோஸ், தங்கப்பொடி.
வெளிநாட்டுக்காரர்கள்
கோபுரத்துக்குத்தான் முதலில் வாங்குவார்கள்.
பத்து நாளில் டப்பா காலி, ரயில் ஏறுவார்கள்.
இவர் ஏறவில்லை.

இவருடைய அப்பா
ஏதோ ஒரு குளிர்க்கடல் துறைமுகத்தில்
கப்பல் அடிவயிற்றுக்குச் சிவப்பு அடித்தவராம்.
மகன் பாரிசுக்குப் போய்
பணக்காரப் பெண்களின் முகம் வரைந்து
பேர் வாங்கினாராம்.
ஒருநாள் காலையில் அலுத்துவிட்டதாம்.
இதையெல்லாம் வாயால் சொன்னாரா கையால் சொன்னாரா
இப்போது நினைவில்லை.
"மூக்கு. தினம் தினம் மூக்கு"
என்றது மட்டும் தமிழ்.

மூன்றாம் வருடம் தங்கம் நின்றது.
அப்புறம் நீலம்.
ரெட் ஆக்சைடு கிலோக் கணக்கில் போனது.
தரை போடுறீங்களா ஏட்டையா, என்றேன்.
யானைமலை, என்றார்.
யானைமலை எங்கே சிவப்பு?
அன்றைக்கு ஒத்தக்கடை பஸ்ஸில்
கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்தேன்.
ஆறு மணிக்கு, ஒரு விலாவில் மட்டும்,
ஆமாம்.
இருபது வருடமாக அந்த வழியாகத்தான்
வீட்டுக்குப் போகிறேன்.

பிறகு மலையையும் விட்டுவிட்டு
ஜன்னலுக்குக் கீழே இருந்த ஆற்றுக்கு வந்தார்.
தண்ணீர் இல்லாத வைகை.
டெலிவரிக்கு மாடி ஏறுகிறவன் சோணை.
அவன் வந்து சொல்வான்:
மாடு போயிருச்சுக்கா.
இன்னொரு மாதம்:
காயப்போட்ட துணியெல்லாம் எடுத்துட்டாரு.
கருவேலமும் போனது, லாரித் தடமும் போனது.
"இப்ப மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு,
நடுவுல மணல்.
அதையும் அழிச்சிக்கிட்டு இருக்காருக்கா."

கடைசிப் பதினான்கு மாதம்
வண்ணமே வாங்கவில்லை.
தின்னர். தின்னர். உப்புத்தாள்.
பனியன் வேஸ்ட் அரைக் கிலோ. தின்னர்.

ஆடியில் போய்ச் சேர்ந்தார்.
தத்தனேரியில் எரித்தபோது
கடையிலிருந்து நாலு பேர் போனோம்.
பாக்கி இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.

மறு வருடம் அந்த ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாள்,
கூடவே மொழிபெயர்க்க ஒருவர்.
எந்தப் படத்திலும் அவர் தேதி போடவில்லையாம்.
எந்த நிறம் எந்த வருடம் என்று
எங்கள் பேரேட்டை வைத்துத்தான்
அந்த ஆயுளை அடுக்கினாள்,
என் கையெழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு.

ஓர் இடத்தில் விரல் நின்றது.
"இங்கேதான் அந்தச் சாம்பல் காலம் தொடங்குகிறது.
சாவின் நிழலில், தனிமையில்."
மொழிபெயர்த்தவருக்குக் குரல் தழுதழுத்தது.

நான் தேதியைப் பார்த்தேன்.
லாரி ஸ்ட்ரைக் மாதம்.
வெள்ளை ஸ்டாக் இல்லை.
இது போதும் ஏட்டையா என்று
சிமெண்ட் பிரைமர் ஒரு வாளியை
அவர் தலையில் கட்டியவள் நான்.
ஸ்ட்ரைக் முடிந்து வெள்ளை வந்த பிறகும்
அவர் பிரைமர் வாளியைத்தான் காட்டினார்,
அதே, அதே, என்று.

சொல்வதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச்
சொன்னேன்.
அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை.

ஜெராக்ஸ் முடிந்து கிளம்பும்போது
மரியாதைக்கு ஒரு படத்தைப் பிரித்து
கவுண்டர் மேல் வைத்தாள்.
ஒன்றும் இல்லாதது போல இருந்தது.
கொஞ்ச நேரம் பார்த்தேன்,
அப்போதும் அப்படித்தான்.
கை மட்டும் தானாகப் போய்
ஓரத்தில் நகத்தால் சுரண்டியது, தொழில் பழக்கம்.
அவள் பதறிப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் சரக்குதான்.
அத்தனை தின்னருக்கும்
உரியவில்லை.